தையல் போட்ட பிறகு ஒரு கேள்வி: சித்தூர், திருப்பதி அவசரப் பிரிவுகளில் காயத் தடுப்பு

விபத்து, அடிதடி, விஷம், குடி ஆகிய நான்கும் நான்கு வழிகளில் வந்தாலும் ஆஸ்பத்திரியில் நுழைவது ஒரே வாசலில்தான். சித்தூர் மாவட்ட மருத்துவமனையானாலும் திருப்பதி ரூயாவானாலும் கேஷுவாலிட்டியின் அந்த வாசலில் டியூட்டி டாக்டர் இரத்தத்தை நிறுத்துகிறார், தையல் போடுகிறார், வயிற்றைக் கழுவுகிறார், எக்ஸ்ரே எழுதுகிறார். போலீசுக்குத் தகவல் போகிறது. நோயாளி வார்டுக்கோ வீட்டுக்கோ போகிறார். சில மாதங்கள் கழித்து அதே ஆள் இன்னொரு காயத்தோடு அதே வாசலில் வந்து நிற்பதை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

உயிரைக் காப்பாற்றும் இடத்திலேயே அடுத்த காயத்தைத் தடுக்கும் வேலையையும் தொடங்க முடியுமா? இது உலகம் முழுவதும் அவசர மருத்துவம் சில பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி. சியாட்டில், கார்டிஃப், கொழும்பு, சென்னை, மும்பை எனப் பல ஊர்கள் அதற்குப் பதில் தேடியிருக்கின்றன. அந்தப் பதில்களில் எவை நிரூபணமானவை, எவை அரைகுறையானவை, எவை சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. இரண்டு மாவட்டத் தலைநகரங்களுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து வேலூர் அதைவிடப் பக்கம். அதனால் தலையில் அடிபட்ட ஒருவரை எங்கே கொண்டுபோவது என்ற முடிவிலேயே மாநில எல்லை குறுக்கிடுகிறது. ஒரு பக்கம் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ், எலும்பு சிகிச்சைக்கு பர்ட். மறுபக்கம் வேலூர் சி.எம்.சி.யும் அதன் ராணிப்பேட்டை வளாகத்தின் விபத்துச் சிகிச்சை மையமும். சித்தூர் மாவட்டத்தின் குப்பத்துக்காரருக்குக் கோலாரும் பெங்களூரும் அருகில். நோயாளி தெலுங்கிலோ தமிழிலோ உருதுவிலோ கன்னடத்திலோ பேசலாம். அவருடைய மருத்துவக் குறிப்பு மட்டும் எல்லையைத் தாண்டுவதில்லை.

திருப்பதிக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஏழுமலையானைத் தரிசிக்க நாள்தோறும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். இரவெல்லாம் பயணித்த வேன் ஓட்டுநர்கள், நெடுஞ்சாலை ஓரமாக விடியற்காலையில் நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள், மலைப்பாதை வளைவுகள், வரிசைகளின் நெரிசல் என அபாயங்கள் நிரந்தரமாக இருக்கின்றன. 2022 மார்ச் 26 அன்று தர்மவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்த குடும்பத்தின் பேருந்து பாகராப்பேட்டை மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதின. இரண்டிலும் பலர் இறந்தார்கள். 2025 ஜனவரி 8 இரவு வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். கனுமப் பண்டிகையை ஒட்டி சந்திரகிரி அருகே ரங்கம்பேட்டையில் நடக்கும் மாடுபிடி விழாவிலும் ஒவ்வோர் ஆண்டும் பலர் காயமடைகிறார்கள்.

ஆண்டு தவறாமல் அதே நாளில், அதே ஊரில் வரும் காயத்தை விதி என்று சொல்லிவிட முடியாது. இடமும் நேரமும் தெரிந்த காயத்தைத் தடுக்கலாம். அமெரிக்கப் பொதுச் சுகாதார மருத்துவர் வில்லியம் ஹாடன் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதை வகுத்துச் சொன்னார். ஒவ்வொரு காயத்துக்கும் முன், நிகழும் கணம், பின் என மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றிலும் மனிதன், வாகனம் அல்லது கருவி, சூழல் ஆகியவற்றைத் தனித்தனியாகத் திருத்த முடியும் என்றார். இவற்றில் மூன்றாவது கட்டத்தில் நிற்கும் அவசரப் பிரிவிடம்தான் முதலிரண்டு கட்டங்களைப் பற்றிய தகவல் வந்து சேருகிறது.

சாலை: உயிர் பிழைக்க வழி வந்தது, தடுப்பு வரவில்லை

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

விபத்துக்குப் பிந்திய சிகிச்சையில் நாடு முன்னேறியிருப்பது உண்மை. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில்தான் தொடங்கியது. போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்டவரைத் தூக்கி வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதை அதே நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அது சேர்ந்தது. தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அவருக்கு இலவசம். 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டத்தில் விபத்து நடந்த ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது.

இத்தனையும் காயத்துக்குப் பிறகான ஏற்பாடுகள். கால் முறிந்து படுத்திருக்கும் இளைஞரிடம் ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினீர்கள், குடித்திருந்தீர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளும் கடமை இவற்றில் எதிலும் வலுவாக இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறைகளோடு சுகாதாரத் துறைக்கும் ஓர் இடம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிகள் அந்த இடத்தை முழுமையாக நிரப்பினால் எந்த வளைவில், எந்த நேரத்தில், எந்த வகைக் காயம் என்பது வரைபடமாகிவிடும். போலீசுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வரும் சின்ன விபத்துகள் ஏராளம். பெரிய விபத்து நடக்கப்போகும் இடத்தை அவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

குடி: கேட்டால் குறைகிறதா?

சட்டப்படி ஓட்டுநரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். தண்டனைக்கான இந்த ஏற்பாடு இருக்கிறது, சிகிச்சைக்கு இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள்; குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேரில் பலர் என்றாவது ஒருநாள், விழுந்தோ மோதியோ வாந்தியில் இரத்தம் கண்டோ, கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்கள்தான்.

சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் விபத்துக் காயத்தோடு சேர்ந்தவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டு, அரை மணி நேரம் ஆற்றுப்படுத்திப் பேசினார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, அப்படிப் பேசப்பட்டவர்களிடையே மீண்டும் காயத்தோடு வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அமெரிக்காவின் முதல்நிலை விபத்து மையங்கள் அனைத்திலும் மது பற்றிய கேள்வி கட்டாயமானதற்கு இத்தகைய சான்றுகளே அடித்தளம். ஆனால் பின்னாளில் இங்கிலாந்தின் அவசரப் பிரிவுகளில் நடந்த பெரிய சோதனையில், நீண்ட ஆலோசனை பெற்றவர்களுக்கும் உங்கள் குடி அளவு மீறுகிறது என்று சொல்லி ஒரு துண்டறிக்கை பெற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம், ஏழை மாவட்டத்துக்கு நல்ல செய்திதான். விலையுயர்ந்த ஆலோசகர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள், ஒரு நேரான சொல், தாய்மொழியில் ஒரு தாள் ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம். அடிமை நிலைக்குப் போனவருக்கு இது போதாது. அவரை மனநலப் பிரிவுக்கு அன்றே கைகாட்டி அனுப்ப வேண்டும்.

கேட்பதற்கு இன்னொரு அவசரக் காரணமும் உண்டு. தினமும் குடிப்பவர் எலும்பு முறிவோடு படுத்தால் இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், உளறத் தொடங்குவார், வலிப்பும் வரலாம். முன்பே கேட்டு எழுதியிருந்தால் மருந்து தயாராக இருக்கும். கேட்காவிட்டால் அவரைக் கட்டிலில் கட்டிவைப்பதில் போய் முடியும்.

எல்லை மாவட்டத்தில் குடியின் போக்கை அரசின் மதுக்கொள்கையும் தீர்மானிக்கிறது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் 1993இல் சாராயத் தடைக்கும் 1995இல் முழு மதுவிலக்குக்கும் வழிவகுத்தது. 1997இல் அந்த மதுவிலக்கு தளர்ந்தது. 2019க்குப் பின் ஆந்திரத்தில் அரசே கடை நடத்தி விலையை ஏற்றியபோது கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பாட்டில்களும் டெட்ரா பாக்கெட்டுகளும் சித்தூருக்குக் கடத்தப்பட்டன. 2024 அக்டோபரில் தனியார் கடைகள் திரும்பின. 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் வந்தது. இந்த மாற்றங்களால் விபத்தும் அடிதடியும் கூடினவா, குறைந்தனவா என்பது கொள்கை வகுப்போர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேஷுவாலிட்டியில் மது பற்றிய ஒரு கட்டம் முறையாக நிரப்பப்பட்டிருந்தால் அதற்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

உயிரை மாய்க்க முயன்றவர்: சென்னை காட்டிய வழி

இந்தத் துறை முழுவதிலும் மிக உறுதியான சான்று ஒன்றில் தமிழர் பங்கு பெரிது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னைப் பகுதியை முன்னின்று நடத்தியவர் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதனோடு வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். 2008இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர்.

இதில் மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று பயிற்சி பெற்ற ஒருவர் மறக்காமல் கேட்டது மட்டுமே.

சித்தூரும் திருப்பதியும் அடங்கிய ராயலசீமையில் இந்த வழி மிகவும் தேவை. பூச்சிமருந்தும் எலிப்பசையும் தலைச்சாயமும் இங்கே எந்தக் கடையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எலிப்பசை விஷயத்தில் குடும்பத்தினர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையை விழுங்கியவர் முதல் ஓரிரு நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். அதன் பிறகுதான் கல்லீரல் கெடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப்போவது உயிருக்கே ஆபத்து. தமிழ்நாடு இந்தப் பசைக்குத் தடை விதித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள கடையை அந்தத் தடை கட்டுப்படுத்தாது.

விஷத்தைக் கைக்கெட்டாமல் செய்தால் பலன் உண்டா? இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995இல் லட்சத்துக்கு 57 ஆக இருந்த அந்நாட்டுத் தற்கொலை விகிதம் 2015இல் 17 ஆகக் குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் சோதனையும் நடந்திருக்கிறது. எந்த விஷம், எங்கே வாங்கியது என்று அவசரப் பிரிவு எழுதிவைத்தால் எதைத் தடுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, தெரியாமல் குடித்துவிட்டார் என்றே பல குடும்பங்கள் சொல்கின்றன. 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. இதைத் தெலுங்கிலும் தமிழிலும் கேஷுவாலிட்டிச் சுவரில் எழுதிவைத்தால் உண்மை வெளியே வரும்.

வன்முறை: விழுந்துவிட்டேன் என்ற பதில்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்கள் மாடிப்படியில் விழுந்ததாகவும் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். பக்கத்தில் கணவனோ மாமியாரோ நிற்கும்போது வேறு எதைச் சொல்வார்கள்?

மும்பை பாந்திராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் சேர்ந்து 2000இல் தொடங்கிய ‘திலாசா’ இதற்கு ஒரு பதில். அங்கே செவிலியரும் மருத்துவர்களும் சந்தேகத்துக்குரிய காயங்களை அடையாளம் காணப் பயிற்சி பெறுகிறார்கள். பெண்ணைத் தனியே அழைத்துப் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆற்றுப்படுத்துநர் இருக்கிறார். இந்த முறை பிறகு மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சிகிச்சை தரும் கடமையை மருத்துவமனைகளுக்கு விதிக்கிறது. பெண்களுக்காக 2015இல் தொடங்கிய சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களும் 181 உதவி எண்ணும் இருக்கின்றன. கேஷுவாலிட்டிக்கும் அவற்றுக்கும் இடையேயான அந்தச் சில அடி தூரத்தில்தான் பெண்கள் தொலைந்துபோகிறார்கள்.

வீதி வன்முறைக்கு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரம் வழிகாட்டியது. முகக்காயங்களைச் சீராக்கும் அறுவைசிகிச்சை நிபுணர் ஜானதன் ஷெப்பர்ட், தம்மிடம் வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீசுக்குத் தெரியாதவை என்று கண்டார். எங்கே, எப்போது, எதனால் என்ற சில கேள்விகளை வரவேற்பு மேசையிலேயே கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, காவல் துறைக்கும் நகர நிர்வாகத்துக்கும் மாதந்தோறும் கொடுத்தார்கள். ரோந்துப் பாதைகள் மாறின, மதுக்கூடங்களில் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட நகரங்களைவிட வன்முறையால் ஆஸ்பத்திரியில் சேர்வோர் 42 விழுக்காடு குறைந்தனர் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடைகள்

நேரம் இல்லை என்பதுதான் முதல் மறுப்பு. நள்ளிரவில் ஒரே டியூட்டி டாக்டர், இரண்டு செவிலியர், இருபது நோயாளிகள் என்ற நிலையில் இது நியாயமான மறுப்பு. அதனால் இந்த வேலையை டாக்டர் தலையில் கட்டக் கூடாது. சமூகப் பணியாளர், பயிற்சி மருத்துவர், செவிலியர் மாணவர் ஆகியோர் செய்யலாம். உயிர் ஆபத்து நீங்கி நோயாளி வார்டுக்குப் போன மறுநாள் காலையிலும் செய்யலாம்.

இரண்டாவது தடை பயம். மது அருந்தியிருந்தார் என்று எழுதினால் காப்பீட்டுத் தொகை போய்விடும் என்று உறவினர்கள் டாக்டரிடம் கெஞ்சுகிறார்கள். சட்டப்படி எழுத வேண்டிய எம்.எல்.சி. எனும் மருத்துவ-சட்டப் பதிவு ஒன்று, தடுப்புக்காகக் கேட்கும் கேள்விகள் இன்னொன்று என இரண்டையும் வெவ்வேறு தாளில் வைத்து, இரண்டாவதில் பெயரே இல்லாமல் செய்தால் இந்தப் பயம் பெருமளவு குறையும்.

மூன்றாவது தடை தொடர்ச்சியின்மை. வெளியூர்ப் பக்தர் மறுநாளே ரயிலேறிவிடுவார். அவரைத் தொலைபேசியில் விசாரிக்கலாம்; மேற்சொன்ன ஐந்து நகர ஆய்விலும் விசாரிப்பு தொலைபேசியிலோ நேரிலோதான் நடந்தது. உள்ளூர்க்காரருக்கு ஆஷா பணியாளர் இருக்கிறார். ஆந்திரத்தின் கிராமச் சச்சிவாலயங்களில் சுகாதாரப் பணியாளரும் பெண்கள் பாதுகாப்புச் செயலரும் இருக்கிறார்கள். ஆள் இல்லாத குறை இங்கே இல்லை. அவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும் வழிதான் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, இரு மாவட்ட அரசு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டியிலும் ஒரே பக்கப் படிவம்: இடம், நேரம், காரணம், ஹெல்மெட், மது, விஷத்தின் பெயர். தெலுங்கிலும் தமிழிலும். இரண்டாவது, குடி பற்றிய மூன்று கேள்விகளும் ஒரு துண்டறிக்கையும். மூன்றாவது, தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒவ்வொருவருக்கும் ஒன்பது விசாரிப்புகள்; இதற்காக ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இருவரை நியமித்தாலே தொடங்கிவிடலாம். நான்காவது, பெண் நோயாளியைத் தனியே பார்க்க ஒரு திரைமறைவு. ஐந்தாவது, பெயர் நீக்கிய மாதாந்தரச் சுருக்கம் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைத் துறை, தேவஸ்தானம் ஆகியோர் கைக்குப் போக வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, கோலார் மாவட்டங்களோடு அது பகிரப்படவும் வேண்டும்.

இவற்றில் மூன்றாவதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது இந்த மதிப்பாய்வின் முடிவு. செலவு மிகக் குறைவு, சான்று மிக வலுவானது, அதுவும் நம் சென்னையையும் உள்ளடக்கிய சான்று. கார்டிஃப் முறையும் மது பற்றிய கேள்வியும் அதைத் தொடர்ந்து வரலாம்.

வாசகருக்கும் இதில் வேலை உண்டு. அடிபட்டவரைக் கண்டால் 108ஐ அழையுங்கள், தூக்கிச் செல்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கேஷுவாலிட்டியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மனம் உடைந்தவருக்கு 14416, அடிபடும் பெண்ணுக்கு 181, போதையில் சிக்கியவருக்கு 14446 என்ற எண்களைக் கொடுங்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு ஒருவர் வந்து உட்கார்ந்து, இது எப்படி நேர்ந்தது என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால், அதை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுங்கள். குடிநீருக்கும் சாலைக்கும் மனு கொடுக்கும் நாம் இதற்கும் கொடுக்கத்தான் வேண்டும்.